எண் சொல்லாத அகலம்

எங்கள் சுரங்க நகரியத்தில் பக்கத்து வீட்டு அண்ணனுக்கு எழுபது வயது நெருங்குகிறது. சுரங்கத்தில் மண் அள்ளும் பக்கெட் வீல் இயந்திரப் பராமரிப்பில் முப்பது வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். இன்றைக்கும் காலையில் ரப்பர் செருப்போடு பழைய சைக்கிளில் ஏறி மெயின் பஜாருக்குப் போய், காய்கறிப் பையை ஹேண்டில்பாரில் மாட்டிக்கொண்டு திரும்புவார். கால் மரத்துப்போனது என்று அவர் ஒரு நாளும் சொன்னதில்லை.

நான் ஞாயிற்றுக்கிழமைகளில் விடியுமுன் கிளம்பி, ஆர்ச் கேட் வழியாக வெளியேறி, பண்ருட்டி சாலையில் சைக்கிள் ஓட்டுகிறவன். சைக்கிளுக்கென்றே செய்த ஷூ போட்டிருப்பேன். முந்திரித் தோப்புகள் தொடங்கும் இடத்தில் சுண்டுவிரல் ஓரம் எரிய ஆரம்பிக்கும். பலாப்பழக் குவியல்கள் கண்ணில் படும் நேரத்தில் மூன்றாவது, நான்காவது விரல்கள் காலில் இருக்கின்றனவா என்றே தெரியாது. வண்டியை ஓரம் கட்டி, ஷூவைக் கழற்றி, விரல்களைக் கையால் பிசைந்துவிட்ட பிறகுதான் உணர்வு திரும்பும்.

செருப்புக்கு வராத நோவு ஷூவுக்கு ஏன் வருகிறது? எட்டாம் எண் என்று கேட்டுத்தான் வாங்கினேன். நீளம் சரியாகத்தான் இருந்தது. கடையில் சொன்னபடி ஒன்பதுக்கு மாறிப் பார்த்தேன். குதிகால் உள்ளே வழுக்கியது. சுண்டுவிரல் எரிச்சல் அப்படியேதான் இருந்தது. இந்தப் புதிருக்கு விடை தேடப் போனால் இயற்பியல், உடற்கூறு, கொஞ்சம் வரலாறு என மூன்று பக்கமும் போய்வர வேண்டியிருக்கிறது.

முதல் பாடத்தை அண்ணனே சொன்னார். "அவ்வளவு பெரிய மெஷின் மழைக்காலத்துல சேத்துல இறங்காம நிக்குதே, எப்படின்னு நெனக்கிற தம்பி? எல்லாம் க்ராலர்தான். பலகை பலகையா எவ்வளவு அகலம் பாத்திருக்கல்ல?" சுரங்கத்தைப் பார்வை மாடத்திலிருந்து பார்த்தவர்களுக்கு அந்தச் சங்கிலிப் பட்டைகள் நினைவிருக்கும். எடை எவ்வளவு என்பது பாதிக் கணக்குதான். அந்த எடை எவ்வளவு பரப்பில் இறங்குகிறது என்பது மீதிப் பாதி. இரண்டும் சேர்ந்ததுதான் அழுத்தம். அதே இயந்திரத்தை லாரி டயரில் நிறுத்தினால் பூமி தாங்காது.

பாதத்துக்கும் இதே கணக்குதான். வெறுங்காலோடு நிமிர்ந்து நிற்கும்போது நம் எடையில் ஏறத்தாழ 60 விழுக்காட்டைக் குதிகால் வாங்கிக்கொள்கிறது. முன்பாதத்துக்கு வருவது 28 விழுக்காடு போலத்தான். சைக்கிளில் நிலைமை தலைகீழ். குதிகால் காற்றில் தொங்குகிறது. மிதிக்கும் விசையில் பெரும் பகுதி கட்டைவிரலுக்கும் மற்ற விரல்களுக்கும் பின்னாலிருக்கும் மேட்டில், உள்ளங்கை அகலம்கூட இல்லாத இடத்தில் இறங்குகிறது. நிமிடத்துக்கு எண்பது சுற்று என்று வைத்துக்கொண்டால் ஒரு மணி நேரத்தில் ஒவ்வொரு காலும் 4,800 முறை அந்த மேட்டால் அழுத்துகிறது.

அந்த மேட்டுக்குள் ஐந்து நீண்ட எலும்புகளின் முனைகள் வரிசையாக இருக்கின்றன. நடுப்பாத எலும்புகள் என்று சொல்லலாம். கையை விரித்து வைத்துக்கொண்டு முட்டிகளைப் பாருங்கள், ஏறக்குறைய அதே அமைப்பு. ஒவ்வொரு இரண்டு முனைகளுக்கும் நடுவில் ஒரு சந்து. விரல்களுக்குப் போகும் நரம்புகள் அந்தச் சந்துகள் வழியாகத்தான் போகின்றன. மேலே ஒரு தசைநார்ப் பட்டை குறுக்காக ஓடுகிறது. ஆக, நரம்புக்கு இரு பக்கமும் எலும்பு, மேலே பட்டை, கீழே தரை. ஷூ பக்கவாட்டில் நெருக்கினால் சந்து குறுகும். பெடல் கீழிருந்து அழுத்தினால் இருக்கிற கொஞ்ச இடமும் போகும். முதலில் எரிச்சல், பிறகு குறுகுறுப்பு, பிறகு மரப்பு. மூன்றாவது, நான்காவது விரல்களுக்கு இடையே வரும் இந்த நோவைப் பிலடெல்பியாவைச் சேர்ந்த தாமஸ் மார்ட்டன் என்ற அறுவை மருத்துவர் 1876-இலேயே விவரித்து எழுதினார். நெருக்கம் ஆண்டுக்கணக்கில் தொடர்ந்தால் நரம்பைச் சுற்றித் திசு தடித்துவிடும். அதனால்தான் இதைச் சின்ன அசௌகரியம் என்று தள்ளிவிடக் கூடாது என்கிறேன்.

அண்ணனின் செருப்பில் பக்கச் சுவரே இல்லை. பாதம் விரிய நினைக்கும் அளவுக்கு விரிந்துகொள்கிறது. அவர் சைக்கிளின் பெடலோ, இரண்டு தடித்த ரப்பர் கட்டைகள் வைத்த பழைய பாணி. சின்ன க்ராலர் என்றே சொல்லலாம். என் சைக்கிளில் இருப்பது ஷூவின் அடியில் திருகிய தகடு போய்ப் பூட்டிக்கொள்ளும் பெடல். 'கிளீட்' என்கிற அந்தத் தகட்டைக் கொக்கித்தகடு என்றும், அந்தப் பெடலைப் பூட்டுப் பெடல் என்றும் வைத்துக்கொள்வோம். அவ்வளவு சிறிய தகட்டின் மேல் முழு விசையும் இறங்குவதால்தான் சைக்கிள் ஷூவின் அடிப்பாகத்தை வளையாத விறைப்போடு செய்கிறார்கள். விறைப்பான பலகை விசையைப் பரப்பும் என்பது எண்ணம்.

இங்கே ஒரு எதிர்பாராத முடிவு இருக்கிறது. விலை பார்த்து வாங்குகிறவர்கள் அவசியம் தெரிந்துகொள்ள வேண்டியது. ஜார்போ, கெசாடா என்ற இரு ஆய்வாளர்கள் 2003-இல் ஒரே நிறுவனத்தின், ஒரே அளவுள்ள இரண்டு ஷூக்களை எடுத்துக்கொண்டார்கள். அடிப்பாகம் மட்டும்தான் வேறு. ஒன்றில் பிளாஸ்டிக், மற்றொன்றில் விலை உயர்ந்த கார்பன் இழை. ஷூவுக்குள் மெல்லிய உள்தாள் ஒன்றை வைத்தார்கள். அதில் பரவலாகப் பதித்த உணரிகள் ஒவ்வொன்றும் தன் மேல் எவ்வளவு அழுத்தம் விழுகிறது என்று நொடிக்கு நொடி பதிவு செய்யும். ஓட்டுகிறவர்களை ஒரே சீரான திறனில் மிதிக்கச் செய்து ஒப்பிட்டார்கள். உச்ச அழுத்தம் பிளாஸ்டிக்கில் 103 கிலோபாஸ்கல், கார்பனில் 121. வீட்டுக் கணக்கில், சதுர சென்டிமீட்டருக்கு ஒரு கிலோவுக்குச் சற்று மேல் இருந்தது ஒன்றேகால் கிலோவை நெருங்குகிறது. கார்பனில் 18 விழுக்காடு அதிகம். வளையவே வளையாத பலகை பாதத்தின் வடிவத்துக்குக் கொஞ்சமும் இணங்காததால் எலும்பு முனைகள் தொடும் இடத்திலேயே விசை குவிகிறது என்று இதைப் புரிந்துகொள்ளலாம். முன்பாதத்தில் ஏற்கெனவே வலி உள்ளவர்கள் கார்பன் அடிப்பாகத்தில் கவனமாக இருக்க வேண்டும் என்றுதான் அவர்களும் எழுதினார்கள். பணம் அதிகம் கொடுத்தால் கால் நோவு குறையும் என்பதற்கு இந்த அளவீட்டில் ஆதாரம் இல்லை.

சரி, அடியிலிருந்து வரும் அழுத்தம் புரிந்தது. பக்கத்திலிருந்து வரும் நெருக்கத்துக்கு யார் பொறுப்பு? எட்டாம் எண் என்பது என்ன?

இங்கிலாந்தில் பழங்காலத்தில் மூன்று வாற்கோதுமை மணிகளை நீளவாக்கில் அடுக்கினால் ஓர் அங்குலம். நம் முன்னோர் எட்டு நெல் ஒரு விரல், பன்னிரண்டு விரல் ஒரு சாண் என்று கணக்கிட்டதைப் போலத்தான். அந்த ஒரு மணியின் நீளம், அதாவது அங்குலத்தில் மூன்றில் ஒரு பங்கு, ஏறத்தாழ 8.5 மி.மீ., இன்றுவரை நாம் கடையில் கேட்கும் 'யூ.கே.' எண்களின் ஒரு படி. சைக்கிள் ஷூப் பெட்டிகளில் காணும் 42, 43 ஐரோப்பிய எண்கள். அங்கே ஒரு படி சென்டிமீட்டரில் மூன்றில் இரண்டு பங்கு, 6.7 மி.மீ. இரண்டுமே நீளத்தை மட்டும்தான் சொல்கின்றன. அகலத்தைப் பற்றி வாயே திறப்பதில்லை. பாதத்தின் நீளத்தையும் அகலத்தையும் மில்லிமீட்டரிலேயே சொல்லும் 'மாண்டோபாயிண்ட்' என்ற முறை உலகத் தரமாகவே இருக்கிறது. ஆனால் ராணுவ பூட்ஸ்களிலும் பனிச்சறுக்கு பூட்ஸ்களிலும்தான் அது பெரும்பாலும் புழங்குகிறது.

ஷூ ஆலையில் எல்லாம் தொடங்குவது 'லாஸ்ட்' என்ற கட்டையில். பாதத்தைப் போல வடித்த கட்டை. அதன் மேல் தோலை இழுத்துப் பொருத்தித்தான் ஷூ பிறக்கிறது. பாதக்கட்டை என்பேன். அந்தக் கட்டையில் மிக முக்கியமான அளவு, முன்பாத மேட்டைச் சுற்றி வரும் சுற்றளவு. ஒரு எண் கூடும்போது நீளம் 8.5 மி.மீ. வளர்கிறது, சுற்றளவு வழக்கமாக 6 மி.மீ. போல வளர்கிறது. அந்தச் சுற்றளவு மேலும் கீழும் பக்கமும் பகிர்ந்துகொண்டு, தட்டையான அகலத்தில் சேர்வது ஏறத்தாழ 2 மி.மீ. மட்டும்.

இப்போது என் ஒன்பதாம் எண் ஏன் உதவவில்லை என்பது கணக்கிலேயே தெரிந்துவிடும். என் முன்பாத அகலம் 104 மி.மீ. எட்டாம் எண் ஷூவின் உள்தாளை வெளியே எடுத்து அளந்தேன், 96. மேல்துணி கொஞ்சம் விட்டுக்கொடுக்கும் என்றாலும் 8 மி.மீ. பெரிய வித்தியாசம். எண்ணைக் கூட்டியே இதை ஈடுகட்ட நினைத்தால் நான்கு எண் ஏற வேண்டும். நீளம் 34 மி.மீ. கூடிவிடும். அது ஷூ இல்லை, ஓடம். இன்னொரு சிக்கலும் உண்டு. கொக்கித்தகட்டுக்கான துளைகள் ஷூவின் நீளத்துக்கு ஏற்ற இடத்தில் அமைகின்றன. நீளமான ஷூவில் குதிகால் பின்னால் ஒட்டியிருக்க, துளைகள் முன்னால் நகர்ந்துவிடும். முன்பாத மேட்டுக்கு நேர் கீழே இருக்க வேண்டிய தகடு விரல்களுக்கு அடியில் போய் நிற்கும்.

இது என் ஒருவனின் பாதக் குறையா என்று சந்தேகம் வரலாம். எனக்கும் வந்தது. விடை சென்னை அடையாறில் இருக்கிறது. அங்கே 1948-இல் தொடங்கப்பட்ட மத்தியத் தோல் ஆராய்ச்சி நிறுவனம் 2021 டிசம்பரிலிருந்து 2022 மார்ச் வரை நாடு முழுவதும் பாதங்களை அளந்தது. 79 இடங்கள், 1,01,880 பேர். முப்பரிமாண ஸ்கேனரில் காலை வைத்தால் நீளம், அகலம், சுற்றளவு, வளைவு எல்லாம் பதிவாகும். இந்தியப் பாதங்கள் ஐரோப்பிய, அமெரிக்கப் பாதங்களைவிட அகலமானவை என்பது அதில் தெரிந்தது. ஒடுங்கிய ஷூக்கள்தான் கிடைக்கின்றன என்பதால் மக்கள் தேவைக்கு மேல் நீளமானதை வாங்கி, கழன்று போகாமல் இருக்க நாடாவை இறுக்கிக் கட்டிக்கொள்கிறார்கள் என்பதும் தெரிந்தது. நான் ஒன்பதாம் எண்ணில் செய்த அதே வேலை. இந்த அளவீட்டை வைத்து 'பா' என்ற பெயரில் ஓர் இந்திய அளவு முறையை முன்வைத்தார்கள். பாரதத்தின் முதல் எழுத்து. கைக்குழந்தையிலிருந்து வளர்ந்தவர்கள்வரை எட்டுப் பிரிவுகள். பெண் குழந்தைகளின் பாத வளர்ச்சி பதினோரு வயதிலும் ஆண் பிள்ளைகளின் வளர்ச்சி பதினைந்து, பதினாறிலும் உச்சத்தைத் தொடுகிறது என்ற தகவலும் இதில்தான் கிடைத்தது.

ஆம்பூரிலும் வாணியம்பாடியிலும் ராணிப்பேட்டையிலும் உலகத்துக்கே ஷூ தைத்து அனுப்புகிறோம். அவற்றில் பெரும்பகுதி வெளிநாட்டுக் கால்களுக்கான கட்டைகளில் உருவானவை. நம் கை தைத்த ஷூவில் நம் கால் நுழையச் சிரமப்படுகிறது என்பது எனக்கு உண்மையிலேயே வருத்தம் தருகிறது.

நம் பாதம் ஏன் அகலம்? பிறவியிலேயே அப்படியா, வெறுங்காலோடு வளர்ந்ததாலா? இதைப் பிரித்தறிவது எளிதல்ல. தென்னிந்தியரையும் ஐரோப்பியரையும் நேராக ஒப்பிட்டால் மரபணு, பழக்கம் இரண்டும் ஒருசேர மாறிவிடும். எது காரணம் என்று சொல்ல முடியாது. பெல்ஜியத்தைச் சேர்ந்த தவூ என்ற ஆய்வாளரின் குழு 2009-இல் வெளியிட்ட ஆய்வு இந்த முடிச்சை அழகாக அவிழ்த்தது. மூன்று குழுக்களை எடுத்துக்கொண்டார்கள்: வாழ்நாள் முழுதும் வெறுங்காலோடு நடந்த தென்னிந்தியர், காலணி அணியும் இந்தியர், மேலைநாட்டவர். முதல் இரண்டு குழுக்களுக்கும் ஊரும் வம்சமும் நெருக்கம், மாறுவது காலணிதான். வெறுங்காலர்களின் பாதம் காலணிக்காரர்களின் பாதத்தைவிட அகலமாக இருந்தது. அழுத்தத் தட்டில் நடக்கவிட்டுப் பார்த்தபோது அவர்களின் பாதம் முழுவதும் எடையைச் சீராகப் பங்கிட்டுக்கொண்டது; மற்றவர்களுக்கு ஆங்காங்கே அழுத்தம் குவிந்தது. மேலைநாட்டவரின் பாதம்தான் மூன்றிலும் மிக ஒடுக்கம், குவிந்த அழுத்தமும் அதிகம். ஆக, காலணி பாதத்தின் வடிவத்தை மாற்றுகிறது. ஆனால் காலணி அணியும் இந்தியருக்கும் மேலைநாட்டவருக்கும் இடையே இருந்த வித்தியாசத்துக்குக் காலணி மட்டுமே காரணம் என்று சொல்ல முடியாது. மரபின் பங்கும் இருக்கலாம்.

அண்ணனின் கால் அதற்குச் சாட்சி மாதிரி இருக்கும். பள்ளிக்கூடம் முடியும்வரை செருப்பே போட்டதில்லையாம். கட்டைவிரல் தனியாக விலகி நிற்கும்; சுண்டுவிரல் மற்றவற்றின் அடியில் மடங்காமல் நேராகத் தரையைத் தொடும். குளித்துவிட்டு சிமெண்ட் திண்ணையில் அவர் நடந்து போனால் விழும் ஈரத்தடத்தில் ஐந்து விரல்களும் தனித்தனி வட்டமாகத் தெரியும், கிருஷ்ண ஜெயந்திக்கு வாசலிலிருந்து போடும் மாக்கோலத் தடம்போல.

ஷூ வாங்கும் முன் செய்ய வேண்டிய வேலைக்கும் அவர்தான் துணைக்கு வந்தார். சாயங்கால நேரத்தில் செய்தோம். பகல் முழுதும் நின்று நடந்தால் பாதம் கொஞ்சம் வீங்கும், நம் ஊர் வெயிலில் இன்னும் வீங்கும். காலையில் அளந்தால் ஷூ மாலையில் பகையாகிவிடும். செய்தித்தாள் ஒன்றை சுவரோரமாகத் தரையில் விரித்து, குதிகால் சுவரைத் தொட, எடை முழுவதும் அந்தக் காலில் விழ நின்றேன். அண்ணன் குனிந்து பென்சிலால் வரைந்தார். பென்சிலைக் கொஞ்சம் உள்ளே சாய்த்தாலும் சில மில்லிமீட்டர் குறைந்துவிடும். நெட்டுக்குத்தாகப் பிடிக்க வேண்டும். சுரங்கத்தில் அளவுகோலோடு பழகிய கை, கோடு அசையவில்லை. பிறகு தையல்காரரின் அளவு நாடாவை முன்பாத மேட்டைச் சுற்றி, இறுக்காமல் தளர்த்தாமல் வைத்துச் சுற்றளவைக் குறித்தார். இரண்டு காலையும் அளந்தோம். வலது கால் 3 மி.மீ. அகலம் அதிகம். பெரிய காலுக்குத்தான் ஷூ.

இந்தத் தாளுக்கு ஐந்து பைசா செலவில்லை. கடையில் இது செய்யும் வேலையோ பெரிது. எந்த ஷூவானாலும் உள்தாளை உருவி எடுத்து, வரைந்த தாளின் மேல் வைத்தால் போதும். கோடு எவ்வளவு வெளியே வழிகிறது என்று கண்ணாலேயே தெரியும். காலை உள்ளே நுழைத்து நாலடி நடந்து பார்ப்பது சைக்கிள் ஷூவுக்குப் போதாது. நடக்கும்போது சுமையைக் குதிகாலும் பகிர்ந்துகொள்கிறது. பெடலில் அப்படி இல்லை.

அகலமான கட்டையில் செய்த சைக்கிள் ஷூக்கள் இருக்கத்தான் செய்கின்றன. ஜப்பானின் ஷிமானோ தன் சில வகைகளில் அகலப் பதிப்பு வெளியிடுகிறது. அமெரிக்காவின் லேக் இதற்கென்றே பேர் வாங்கியது. லேக் ஷூவின் விலை நம்மில் பலருக்கு எட்டாது. கைக்கு அடக்கமான பணத்தில் வாங்க நினைத்தால் கார்பனை விட்டுவிட்டு நைலான் அடிப்பாகம் உள்ளதைப் பார்க்கலாம். கால் நோவைப் பொறுத்தவரை இழப்பு எதுவும் இல்லை என்பதைத்தான் மேலே பார்த்தோம். முன்பாதத்தின் மேல் தையல் குறைவாக, வலைத்துணியோ மென்மையான மேல்துணியோ இருந்தால் பக்கவாட்டில் விட்டுக்கொடுக்கும். சுண்டுவிரல் மூட்டின் மேல் நேராக ஒரு தையலோ பிளாஸ்டிக் பட்டையோ ஓடினால் அந்த ஷூவைத் தொடவே வேண்டாம். நாடா வைத்த ஷூ என்றால் முன்னால் இருக்கும் முதல் இரண்டு துளைகளை விட்டுவிட்டுக் கட்டலாம்; முன்பாதத்துக்கு மூச்சு விட இடம் கிடைக்கும், குதிகாலை மேல் துளைகள் பிடித்துக்கொள்ளும். தோல் ஷூவாக இருந்தால் செருப்புத் தைப்பவர் கட்டை வைத்து நெகிழ்த்தித் தருவார். செயற்கைத் தோல் அவ்வளவு இணங்காது.

இன்னொரு வழியும் இருக்கிறது. கொலராடோ பல்கலைக்கழகத்தின் ஸ்ட்ரா, கிராம் இருவரும் 2016-இல் வெளியிட்ட ஆய்வில், சைக்கிள் ஓட்டுகிறவர்கள் மூச்சில் இழுக்கும் ஆக்சிஜனை அளந்தார்கள். ஒரு வேலைக்கு உடம்பு எவ்வளவு எரிபொருள் செலவழிக்கிறது என்பதற்கு அது ஒரு நல்ல மீட்டர். சாதாரண ஓட்ட ஷூவும் தட்டைப் பெடலும் ஒரு பக்கம். சைக்கிள் ஷூவும் பூட்டுப் பெடலும் மறு பக்கம். மிதமான வேகத்தில் இரண்டுக்கும் ஆக்சிஜன் செலவில் வித்தியாசம் இல்லை. பந்தயத்தின் கடைசி நூறு மீட்டருக்கு எழுந்து நின்று மிதிக்கிறவர்களுக்கு வேறு கணக்கு இருக்கலாம். ஆனால் வேலைக்குப் போய்வர, ஞாயிறு காலை வடலூர்வரை ஓட்டிவர, அகலமான தட்டைப் பெடலும் காலுக்கு இசைந்த ஒரு விளையாட்டு ஷூவும் போதும். பூட்டுப் பெடல் இல்லாமல் சைக்கிள் ஓட்டுவது ஏதோ அரைகுறை என்று புதிதாக வருகிற பிள்ளைகளிடம் சொல்லாதீர்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். அந்தப் பேச்சை நம்பித்தான் பலர் ஒடுங்கிய ஷூவில் காலைத் திணிக்கிறார்கள்.

பூட்டுப் பெடல் எனக்குப் பழகிவிட்டது, விட மனமில்லை. போன மாதம் மடித்த செய்தித்தாளைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு கடலூர் போனேன். முதல் ஷூவின் உள்தாளில் கோடு இரண்டு பக்கமும் வழிந்தது. இரண்டாவதில் சுண்டுவிரல் பக்கம் மட்டும் வெளியே நின்றது. மூன்றாவது, கடைக்காரர் உள்ளேயிருந்து தேடி எடுத்துவந்த அகல வகை, போன வருடத்து மாடல் என்பதால் விலை குறைத்திருந்தார்கள். பென்சில் கோடு உள்தாளின் விளிம்போடு ஒட்டிப் போனது. எண் எட்டுதான்.

அடுத்த ஞாயிறு பண்ருட்டி சாலையில், வழக்கமாக வண்டியை ஓரம் கட்டும் புளியமரம் வந்தது. பெடலை நிறுத்தாமலே ஷூவுக்குள் விரல்களை ஒவ்வொன்றாக அசைத்துப் பார்த்தேன். ஐந்தும் இருந்தன.